மறுபடி வந்த மார்பகப் புற்றுநோய்: வெளிநாட்டில் இரண்டாவது கருத்து கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்திருக்கிறது என்று தெரிந்ததும் குடும்பத்தில் யாராவது ஒருவர், "வெளிநாட்டில் பெரிய மருத்துவமனை ஒன்றில் காட்டினால் என்ன?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சு உடனே விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் போய்விடுகிறது. முதலில் போக வேண்டியவை பயாப்ஸி திசுவும் சிகிச்சைக் கோப்பும். நோயாளி போக வேண்டுமா என்பதை அவற்றுக்குப் பதில் வந்த பிறகு முடிவு செய்தால் போதும். பலருக்குப் போக வேண்டிய தேவையே இருக்காது.

கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. சில படிகள் ஒரே நாளில் முடியும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். நேரம் எடுப்பவற்றை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

படி 1: காத்திருக்க நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள்

இப்போது பார்க்கும் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "அடுத்த சிகிச்சையை எத்தனை நாள் தள்ளிப்போடலாம்?"

ஹார்மோன் ஏற்பி உள்ள நோய் (ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் வகை), எலும்பில் மட்டும் பரவியிருக்கிறது, பெரிய தொந்தரவு இல்லை என்றால், சில வாரங்கள் காத்திருப்பதால் பொதுவாகப் பாதிப்பு வராது. கல்லீரலின் வேலை வேகமாகக் குறைகிறது, நுரையீரல் பாதிப்பால் மூச்சு வாங்குகிறது என்றால் கதையே வேறு. அங்கே சிகிச்சை உடனே தொடங்க வேண்டும், கருத்து கேட்கும் வேலை அதற்கு இணையாக நடக்கட்டும்.

இந்த அறிகுறிகள் எதுவும் வந்தால் எந்த வெளிநாட்டு மின்னஞ்சலுக்கும் காத்திருக்காதீர்கள்: முதுகுவலியோடு கால் வலுவிழப்பதோ மரத்துப்போவதோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழப்பது, விடாத தலைவலியும் வாந்தியும், வலிப்பு, திடீர் மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு. முதுகுத்தண்டு நரம்பு அழுத்தப்படும்போது மணி நேரங்கள் கணக்கு. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இன்னொரு விஷயமும் இங்கேயே பேசிவிட வேண்டும். புதிய மருந்து ஒன்றைத் தொடங்கிவிட்டால், புதிய சிகிச்சைகளைச் சோதிக்கும் சில மருத்துவ ஆய்வுகளில் சேரும் தகுதி போய்விடலாம். பல ஆய்வுகள் "பரவிய நிலையில் இதற்கு முன் எத்தனை வரிசை சிகிச்சை" என்று எண்ணிப் பார்க்கின்றன. அதனால் அவசரம் இல்லையென்றால், மருந்து மாற்றும் முன்பே கேட்பது நல்லது.

மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று பலர் தயங்கி, சொல்லாமலேயே தாள்களைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். பயாப்ஸி திசு உள்ள ஸ்லைடு, பிளாக் (விளக்கம் படி 5-இல்), சுருக்கக் கடிதம் எல்லாம் அவர் கையொப்பம் இல்லாமல் எளிதில் வராது. வரப்போகும் கருத்தை நடைமுறைப்படுத்தப் போகிறவரும் பெரும்பாலும் அவர்தான். "டாக்டர், உங்களை விட்டுப் போக நினைக்கவில்லை. இந்த முறை எடுக்கும் முடிவு பெரியது, அதனால் இன்னொரு கருத்தும் கேட்டுக்கொண்டு உங்களிடமே வருகிறோம்" என்று நேராகச் சொல்லுங்கள். நல்ல புற்றுநோய் மருத்துவர்கள் இதை வாரம் தவறாமல் கேட்கிறவர்கள்தான்.

படி 2: எந்த வகையில் திரும்பியிருக்கிறது, உங்கள் கேள்வி என்ன

திரும்ப வருவது மூன்று விதம். அதே மார்பிலோ அறுவை செய்த தழும்பிலோ நெஞ்சுச் சுவரிலோ வருவது ஒன்று. அக்குளிலோ காறை எலும்பை ஒட்டியோ உள்ள நிணநீர்க் கணுக்களில் வருவது இன்னொன்று. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று தொலைவில் பரவுவது மூன்றாவது. மறு மார்பில் வந்தால் அது பெரும்பாலும் புதிதாகத் தோன்றிய நோய், பழையது திரும்பியதாகக் கொள்ளக் கூடாது. அதே மார்பில் வந்தாலும் சில சமயம் அது புதிய நோயாக இருக்கலாம். பெயர் ஒன்றே என்றாலும் சிகிச்சையின் நோக்கம் மாறிவிடுகிறது.

முதல் இரண்டு வகையில் முழுக் குணம் இன்னும் இலக்குதான். அங்கே கேள்விகள் இப்படி இருக்கும்: மறுபடி அறுவை எவ்வளவு பெரிது? ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கிய இடத்தில் இன்னொரு முறை கொடுக்க முடியுமா? கீமோ தேவையா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நல்ல ஆய்வே இருக்கிறது. கேலர் என்ற பன்னாட்டு ஆய்வில், இப்படி ஓரிடத்தில் மட்டும் திரும்பிய நோயை முழுதாக அறுத்து எடுத்த பிறகு கொடுத்த கீமோ, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத பெண்களுக்குத் தெளிவான பலன் தந்தது. ஏற்பி உள்ளவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

தொலைவில் பரவியிருந்தால், நோயை நீண்ட காலம் அடக்கி வைத்து வாழ்க்கையை வாழும்படி வைத்திருப்பதுதான் பெரும்பாலும் நோக்கம். எந்த மருந்துக்குப் பின் எந்த மருந்து என்ற வரிசைதான் அங்கே பெரிய கேள்வி. ஓரிரு இடங்களில் மட்டும் பரவியிருந்தால் அவற்றைக் குறிவைத்துக் கதிர்வீச்சோ அறுவையோ செய்வதில் பலன் உண்டா என்பதும் கேட்கத் தகுந்தது. நல்ல மருத்துவர்களே கருத்து வேறுபடும் இடம் அது.

இப்போது ஒரு தாளை எடுத்து உங்கள் கேள்வியை எழுதுங்கள். "அம்மாவுக்கு நல்ல சிகிச்சை எது?" என்று அனுப்பினால், எந்தப் பாடநூலிலும் கிடைக்கும் பதில்தான் வரும். "லெட்ரோசோல், பால்போசிக்லிப் மருந்துகள் எடுத்தபோது கல்லீரலில் இரண்டு புதிய புள்ளிகள் வந்துள்ளன. ஈஎஸ்ஆர்1, பிஐகே3சிஏ மரபணுப் பரிசோதனை முடிவுகள் இணைத்துள்ளோம். அடுத்ததாகக் கீமோவுக்குப் போக வேண்டுமா, ஹார்மோன் சார்ந்த சிகிச்சையில் இன்னொரு வாய்ப்பு உண்டா?" என்று எழுதினால், படிக்கும் மருத்துவர் உண்மையாகவே யோசிப்பார். மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம். எழுத வரவில்லையென்றால் உங்கள் மருத்துவரிடமே, "உங்களுக்கு எந்த இடத்தில் இரண்டு மனம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் உங்கள் கேள்வி.

படி 3: புதிய பயாப்ஸி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த கட்டியின் அறிக்கையை வைத்துக்கொண்டு இன்றைய நோய்க்கு மருந்து தேடுவது நடக்கிற விஷயம். ஆனால் நோய் மாறும். முதலில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தவர்களில் சிலருக்குத் திரும்ப வரும்போது அது இருக்காது. ஹெர்2 (புற்றணுக்களின் மேல் இருந்து அவற்றை வளரத் தூண்டும் புரதம்) இல்லாதிருந்த இடத்தில் வரலாம், இருந்தது போகலாம். அதனால்தான், பாதுகாப்பாக எடுக்க முடியும் என்றால் திரும்ப வந்த இடத்திலிருந்து குறைந்தது ஒரு முறையாவது பயாப்ஸி எடுக்க வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வேறு காரணமும் உண்டு. ஸ்கேனில் ஒளிரும் எல்லாமே மார்பகப் புற்றுநோய் அல்ல. காசநோய், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், வேறோர் உறுப்பின் புற்று என்று முடிவு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து "பரவிவிட்டது" என்று சொல்லப்பட்டிருந்தால், கேட்க வேண்டிய இரண்டாவது கருத்தே "இதைத் திசுவில் உறுதி செய்தாயிற்றா?" என்பதுதான்.

எலும்பிலிருந்து மட்டுமே எடுக்க முடியும் என்றால், எடுப்பதற்கு முன்பே நோயியல் ஆய்வகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். எலும்புத் திசுவை வெட்டுவதற்கு வசதியாக அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்குவார்கள். வலுவான அமிலம் மரபணுவையும் ஏற்பிகளையும் கெடுத்துவிடும். பிறகு மரபணுப் பரிசோதனை தோற்றுப்போகும், ஏற்பி இல்லை என்று தவறாகவும் வரலாம். ஈடிடிஏ என்ற மென்மையான கரைசல் இருக்கிறது, மெதுவாக வேலை செய்தாலும் திசுவைக் காப்பாற்றும். "மரபணுப் பரிசோதனைக்கும் தேவைப்படும்" என்று முன்கூட்டியே சொன்னால் அதைப் பயன்படுத்துவார்கள்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை இவை.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள்: "பாசிட்டிவ்" என்ற சொல் போதாது, எத்தனை சதவீதம் என்று வேண்டும். 5 சதவீதமும் 95 சதவீதமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

ஹெர்2: "நெகட்டிவ்" என்று மட்டும் இருந்தால் மதிப்பெண் 0, 1+, 2+ ஆகியவற்றில் எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பு இந்த வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்துக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, முன்பு கீமோ எடுத்தவர்களில் ஹெர்2 குறைவாக உள்ள பரவிய மார்பகப் புற்றுக்கும் அனுமதி தந்த பிறகு எல்லாம் மாறியது. 2025 ஜனவரியில், ஹார்மோன் ஏற்பி உள்ள நோயில் 0-க்கும் 1+-க்கும் நடுவே மிக மங்கலாகச் சாயம் ஏறுபவர்களுக்கும் அது விரிந்தது. அந்த மங்கலைப் படிப்பதில் அனுபவமுள்ள நோயியல் மருத்துவர்களே ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள். ஸ்லைடை இன்னொரு கண் பார்ப்பதால் சிகிச்சை மாறும் இடம் இதுதான்.

மரபணு மாற்றங்கள்: பிறப்பிலேயே வரும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தால் ஓலாபாரிப், டாலசோபாரிப் போன்ற மாத்திரைகள் உண்டு. கட்டியில் பிஐகே3சிஏ மாற்றம் இருந்தால் அல்பெலிசிப், இனவோலிசிப், காபிவாசெர்டிப். காபிவாசெர்டிப்புக்கு ஏகேடி1, பிடென் மாற்றங்களும் கணக்கில் வரும். ஈஎஸ்ஆர்1 மாற்றத்துக்கு எலாசெஸ்ட்ரன்ட், 2023 ஜனவரியில் அனுமதி பெற்றது. ஈஎஸ்ஆர்1 பெரும்பாலும் அரோமடேஸ் தடுப்பான் (ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் லெட்ரோசோல் போன்ற மருந்து) எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் உருவாவது. எனவே பழைய கட்டியில் தேடினால் கிடைக்காது. நோய் வளரும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில், அதாவது லிக்விட் பயாப்ஸியில் தேட வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பியும் இல்லாத வகையென்றால், பிடி-எல்1 என்ற புரதத்தைத் தேடும் பரிசோதனை. மதிப்பெண் 10-ம் அதற்கு மேலும் இருந்தால் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு வரும்.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் அறிக்கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று பென்சிலால் குறித்துவையுங்கள். வெளிநாட்டு மருத்துவர் முதலில் கேட்கப்போவது இல்லாதவற்றைத்தான்.

படி 4: கோப்பு

மேலே ஒரு பக்கம். அதற்குக் கீழே எத்தனை தாள் இருந்தாலும், படிக்கும் மருத்துவர் அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் உங்களைப் புரிந்துகொள்வார். வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா, முதலில் எப்போது எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள், பிறகு தேதி வாரியாக ஒவ்வொரு சிகிச்சையும்: தொடங்கிய மாதம், நிறுத்திய மாதம், நிறுத்திய காரணம். நிறுத்திய காரணம் மிக முக்கியம். மருந்து வேலை செய்யாமல் நிறுத்தியதும், பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியதும், செலவு தாங்காமல் நிறுத்தியதும் ஒன்றல்ல. இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுதாவிட்டால், "இந்த மருந்து தோற்றுவிட்டது" என்று எடுத்துக்கொண்டு ஒரு நல்ல வாய்ப்பையே ஒதுக்கிவிடுவார்கள்.

அடுத்து அவர் இன்று எப்படி இருக்கிறார் என்று இரண்டு வரி. தானே குளிக்கிறாரா, வெளியே நடக்கிறாரா, பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார். அடுத்து வேறு நோய்கள், எடுக்கும் எல்லா மருந்துகளும். மூலிகை மருந்துகளையும் மறைக்காமல் எழுதுங்கள், புற்று மருந்தோடு மோதக்கூடியவை அவற்றில் உண்டு. கடைசியில் நோயாளி எதை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று ஒரு வரி.

அதற்குப் பின்னால் வைக்க வேண்டியவை:

- எல்லா பயாப்ஸி, அறுவை நோயியல் அறிக்கைகளும், முதல் நோயினுடையதும் சேர்த்து.
- அறுவைக் குறிப்பு. டிஸ்சார்ஜ் சுருக்கம் அதற்கு ஈடாகாது.
- கதிர்வீச்சுச் சுருக்கம்: எந்த இடம், மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை தவணை. மறுபடி கதிர்வீச்சு என்ற பேச்சு வந்தால் திட்டக் கோப்பையே கேட்பார்கள்.
- கீமோ மருந்துகளின் அளவு. டாக்சோரூபிசின் வகை எடுத்திருந்தால் மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அது இதயத்தைப் பாதிக்கும் என்பதால் வாழ்நாள் உச்சவரம்பு உள்ள மருந்து. கூடவே இதய எக்கோ அறிக்கை.
- சமீபத்திய ரத்தப் பரிசோதனைகள், கல்லீரல், சிறுநீரக அளவுகளோடு.
- ஸ்கேன்கள்.

ஸ்கேன் விஷயத்தில்தான் அதிக நேரம் வீணாகிறது. ஃபிலிமைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். டைகாம் வடிவத்தில் அசல் கோப்பு வேண்டும். ஸ்கேன் மையத்தில் சிடியாகவோ பென் டிரைவிலோ கேட்டால் தருவார்கள். வாங்கியதும் வேறொரு கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஸ்கேனோடு அதற்கு முந்தையதையும் அனுப்புங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் புள்ளி இருப்பது தெரியும், வளர்கிறதா என்பது தெரியாது.

எல்லாத் தாளிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். எழுத்து மாறினால் இரண்டு நோயாளிகளாகப் பதிவாகிவிடும். வேறு மொழியில் உள்ள அறிக்கைகளை மருத்துவ மொழிபெயர்ப்பு தெரிந்தவரிடமே கொடுங்கள்.

படி 5: ஸ்லைடும் பிளாக்கும்

பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைப்பதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிய சீவல்கள் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் ஸ்லைடு. சாயம் ஏற்றிய ஸ்லைடு வடிவத்தைப் பார்க்க, சாயம் ஏற்றாதது புதிய பரிசோதனை செய்ய. எந்த மருத்துவமனைக்கு அனுப்பினாலும் அவர்களுக்கு எது, எத்தனை வேண்டும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே ஆய்வகத்தில் கேளுங்கள்.

பிளாக் தான் மூலம். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. அதனால் ஸ்லைடு போதும் என்றால் ஸ்லைடை மட்டும் அனுப்புங்கள். பிளாக் கட்டாயம் வேண்டும் என்றால், ஒன்றுக்கு மேல் இருக்கும்போது கட்டி அதிகம் உள்ளதை ஆய்வகமே தேர்ந்தெடுத்துத் தரட்டும், மற்றது இங்கேயே இருக்கட்டும். சாயம் ஏற்றாத ஸ்லைடுகளைத் தேவை வரும்போது வெட்டச் சொல்வதே சரி, வெட்டி நீண்ட நாள் வைத்தால் சில பரிசோதனைகள் சரியாக வராது. உடையாத ஸ்லைடுப் பெட்டி, வெப்பம் தாக்காத உறை, கண்காணிப்பு எண் தரும் கூரியர், உள்ளே "நோய் கண்டறிவதற்கான மனிதத் திசு, நிலைப்படுத்தியது, தொற்று அபாயமற்றது" என்ற மருத்துவமனைக் கடிதம். சுங்கத்தில் நிற்காமல் போக அந்தக் கடிதம் உதவும். எத்தனை பிளாக், எத்தனை ஸ்லைடு, அவற்றின் எண்கள் என்று எழுதி ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்புவது யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

படி 6: எங்கே கேட்பது

பெயர் பெற்ற இடங்கள் தெரிந்தவைதான். அமெரிக்காவில் ஹூஸ்டனின் எம்டி ஆண்டர்சன், நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங், பாஸ்டனின் டானா-ஃபார்பர், மேயோ கிளினிக். லண்டனில் ராயல் மார்ஸ்டன். பாரிஸ் அருகே குஸ்தாவ் ரூசி, பாரிஸிலேயே கியூரி நிறுவனம். மிலானில் ஐரோப்பியப் புற்றுநோய் நிறுவனம். ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனம். சிங்கப்பூரில் தேசியப் புற்றுநோய் மையம், மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை.

என் அபிப்பிராயத்தில் கட்டடத்தின் பெயரைவிட மூன்று விஷயங்கள் பெரியவை. மார்பகப் புற்றுநோயை மட்டுமே பார்க்கும் மருத்துவர் கருத்து தருகிறாரா? ஸ்லைடை அவர்களுடைய நோயியல் மருத்துவர் தானே மறுபடி படிக்கிறாரா? கீமோ, அறுவை, கதிர்வீச்சு மருத்துவர்கள் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் உங்கள் கோப்பு பேசப்படுமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால், அது எந்த நாட்டில் இருந்தாலும் நல்ல இடம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியலும், ஐரோப்பாவில் யூசோமா (மார்பகப் புற்றுநோய் நிபுணர்களின் சங்கம்) தரச்சான்று பெற்ற மார்பகப் பிரிவுகளின் பட்டியலும் இணையத்தில் கிடைக்கும், தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

நீங்கள் வாழும் நாட்டில் கிடைக்கும் மருந்துகளைத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடமும் கேட்பது பலன் தரும். கிடைக்கவே கிடைக்காத ஐந்து மருந்துகளின் பட்டியலோடு வரும் கடிதம் மனத்தை இன்னும் நோகடிக்கும்.

இவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்: குணமாகும் என்று உறுதி தருபவர்கள், கோப்பைப் பார்க்கும் முன்பே சிகிச்சைக்கு முன்பணம் கேட்பவர்கள், எந்த இதழிலும் வெளிவராத "தனிச் சிகிச்சை" வைத்திருப்பவர்கள், நோயாளிகள் பேசும் காணொளிகளை மட்டுமே சான்றாகக் காட்டுபவர்கள், நடக்கும் சிகிச்சையை உடனே நிறுத்தச் சொல்பவர்கள். உண்மையான மருத்துவ ஆய்வில் ஆய்வு மருந்துக்குப் பொதுவாக நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். இடைத்தரகர் வழியாகப் போனால் அவருக்கு மருத்துவமனை கமிஷன் தருகிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு, நேராக அவர்களுக்கே எழுதலாம்.

படி 7: எப்படிக் கேட்பது

எழுத்துக் கருத்து, காணொளிச் சந்திப்பு, நேரில் போவது என்று மூன்று வழி. மருந்து வரிசை பற்றிய கேள்விக்கு எழுத்துக் கருத்து பெரும்பாலும் போதும். அறுவை செய்ய முடியுமா என்ற கேள்விக்குக் கையால் தொட்டுப் பார்க்காமல் முழுப் பதில் வராது.

தொலைவிலிருந்து தரும் கருத்து ஆலோசனை மட்டுமே. அமெரிக்காவில் மருத்துவர் உரிமம் மாநிலவாரியாகத் தரப்படுகிறது, பிற நாடுகளிலும் உரிமத்துக்கு எல்லை உண்டு. அங்கிருந்து எழுதும் மருந்துச்சீட்டு உங்கள் ஊரில் செல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில இடங்களில் நோயாளியோடு பேசாமல் அவருடைய மருத்துவரோடு மட்டும் பேசுவார்கள். அது குறையல்ல, நல்ல ஏற்பாடு.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டியவை: கருத்து எழுதுபவர் யார், எத்தனை நாளில் வரும், ஸ்லைடு மறுபார்வை கட்டணத்தில் அடங்குமா, கூடுதல் பரிசோதனை செய்தால் முன்பே சொல்வார்களா, பதில் வந்த பிறகு சந்தேகம் கேட்க ஒரு முறையாவது இடம் உண்டா.

படி 8: பேசும் நாள்

நோயாளிக்கு விஷயத்தை மறைத்துவிட்டு வெளிநாட்டில் கருத்து கேட்க முயலும் குடும்பங்கள் உண்டு. அன்பால் செய்வதுதான், புரிகிறது. ஆனாலும் வேண்டாம். அவர் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது, மருத்துவர் அவரிடம்தான் பேசுவார், முதல் தடவையாக அந்தச் சொல்லை ஒரு திரையில், அறியாத ஒருவர் வாயிலிருந்து அவர் கேட்பது கொடுமை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே முன்னதாகக் கேளுங்கள். ஆயுள் பற்றிய எண்ணிக்கை எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடலாம்.

மொழி தடையென்றால் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகள் மொழிபெயர்த்தால் கடினமான வாக்கியங்களை மென்மையாக்கிவிடுவார்கள், அது இயல்பு. அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

உங்கள் மூன்று கேள்விகள் முடிந்ததும் இவற்றையும் கேட்கலாம்: நீங்கள் சொல்லும் மருந்து எங்களுக்குக் கிடைக்காவிட்டால் அடுத்தது எது? இதனால் வாழும் காலம் கூடும் என்று காட்டியிருக்கிறார்களா, நோய் வளராமல் நிற்கும் காலம் மட்டுமா? இதில் தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்? எந்த மருத்துவ ஆய்வுக்கு நான் தகுதி? என் இப்போதைய மருத்துவர் சொல்வதில் நீங்கள் ஒத்துப்போகாத இடம் எது?

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். மருத்துவர்கள் மரியாதை கருதி வேறுபாட்டைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

படி 9: இரண்டு கருத்துகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது

இரண்டும் ஒன்றாக இருந்தால், பணம் வீண் என்று நினைக்காதீர்கள். "வேறெங்காவது போயிருந்தால்..." என்ற நினைப்பு பின்னால் வருடக்கணக்கில் உறுத்தக்கூடியது. அது இல்லாமல் சிகிச்சைக்குள் நுழைய முடிகிறது.

வேறுபட்டால், எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். திசுவிலோ ஸ்கேனிலோ கண்டதே வேறு என்றால், அதைத் தீர்க்காமல் அடுத்த மருந்து தொடங்கக் கூடாது. ஹெர்2 ஒரு இடத்தில் 0, இன்னொரு இடத்தில் 1+ என்று வந்தால் இரு நோயியல் மருத்துவர்களும் பேசட்டும், தேவையானால் மூன்றாவது ஆய்வகம் பார்க்கட்டும். மூன்றாவது கருத்து உண்மையில் பயன்படுவது இங்கேதான்.

கண்டது ஒன்றே, முடிவு மட்டும் வேறு என்றால் அது தீர்ப்பு வேறுபாடு. இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒருவர் கூடுதல் காலத்துக்கு எடை தருகிறார், மற்றவர் பக்கவிளைவுக்கு. அங்கே முடிவு நோயாளியுடையது. இன்னும் நாலு மருத்துவரிடம் கேட்டால் இன்னும் நாலு விதமாகத்தான் வரும். ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் புதிய மருந்துகளின் உண்மையான பலனை மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. அமெரிக்காவின் என்சிசிஎன் என்ற புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு நோயாளிகளுக்கான வழிகாட்டிகளை இலவசமாகத் தருகிறது. இரண்டையும் மருத்துவரோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

மருந்து கிடைக்காததுதான் வித்தியாசம் என்றால், தனி நோயாளிக்கான இறக்குமதி அனுமதி, நிறுவனத்தின் கருணை அடிப்படைத் திட்டம், மருத்துவ ஆய்வு ஆகிய மூன்று கதவுகளையும் தட்ட வேண்டும். ஆய்வுகளைத் தேட அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரையல்ஸ் தளத்தில் நாட்டின் பெயரையும் நோய் வகையையும் போட்டால் போதும்.

படி 10: நேரில் போவது

உங்கள் நாட்டில் இல்லாத அறுவை அல்லது கதிர்வீச்சு முறை, அல்லது மருத்துவ ஆய்வு. இந்தக் காரணங்களுக்காகப் போவது அர்த்தமுள்ளது. ஊரிலேயே கிடைக்கும் மருந்தை அங்கே போய் ஏற்றிக்கொள்ளப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீமோ மாதக்கணக்கில் நடப்பது, நடு இரவில் காய்ச்சல் வரும்போது பக்கத்தில் மனிதர்கள் வேண்டும். ஆய்வில் சேர்ந்தாலும் பல மாதங்கள் திரும்பத் திரும்பப் போக நேரும்.

போவதென்றால் எழுத்தில் செலவு மதிப்பீடு, அதில் சிக்கல் வந்தால் கூடும் தொகை. சாதாரணப் பயணக் காப்பீடு ஏற்கெனவே உள்ள நோயைப் பொதுவாக ஏற்காது. புற்றுநோயும் நீண்ட விமானப் பயணமும் ரத்தக்கட்டி வரும் அபாயத்தைக் கூட்டும், தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் மிகவும் குறைவது பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள், அந்த நாட்களைத் தவிர்த்துப் பயணம் வையுங்கள். மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகளுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும். எல்லா மருந்தும் அசல் பெட்டியோடு, சீட்டோடு, கைப்பையில்.

படி 11: திரும்பி வந்த பிறகு

எழுத்து அறிக்கையை உங்கள் மருத்துவரிடம் கொடுத்து, அதற்கென்றே தனியாக நேரம் வாங்குங்கள். வழக்கமான பரிசோதனையின் நடுவில் நீட்ட வேண்டாம். இரண்டு மருத்துவர்களும் ஒரு முறை தொலைபேசியில் பேச முடிந்தால் பத்து மின்னஞ்சல் மிச்சம். யார் முதன்மை மருத்துவர் என்பதில் மட்டும் குழப்பம் வேண்டாம். மருந்து எழுதுவது ஒருவர்தான்.

புதிய சிகிச்சை வேலை செய்கிறதா என்று பெரும்பாலும் 8 முதல் 12 வாரத்தில் ஸ்கேன் பார்ப்பார்கள். அதில் நோய் வளர்ந்திருந்தால், அதே வெளிநாட்டு மருத்துவருக்கு மறுபடி எழுதும்போது முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டாம். புதுப்பித்த அந்த ஒரு பக்கம், கடைசி இரண்டு ஸ்கேன்கள், நோய் வளர்ந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தின் மரபணு அறிக்கை, ஒரே ஒரு புதிய கேள்வி. பழைய பதிவு எண்ணைத் தலைப்பில் போட மறக்காதீர்கள்.